ஆற்றின் இரு கரை: செவ்வாய்ப்பேட்டை, குகை பற்றி வாசகர்கள் கேட்டவை

சேலம் பழைய நகரத்தைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் முக்கால்வாசி திருமணிமுத்தாற்றின் இரு கரையிலும் உள்ள செவ்வாய்ப்பேட்டையையும் குகையையும் சுற்றியே இருந்தன. மொத்த வியாபாரமும் வெள்ளிப் பட்டறையும் தறியும் தட்டுவடையும் ஒரே நடையில் கிடைக்கும் இடம் என்பதால் அதில் வியப்பில்லை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஒரே நாளில் இந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும். எங்கே இறங்கி, எப்படி நடப்பது? (மேட்டூர் வாசகி)

பழைய பஸ் நிலையத்தில் இறங்குங்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஈரடுக்காகக் கட்டி 2023-இல் திறந்த நிலையம் அது. மெய்யனூரில் உள்ள புதிய பஸ் நிலையத்தில் இறங்கினால் மறுபடி ஒரு டவுன் பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். ரயிலில் வந்தால் ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். அங்கிருந்து கடை வீதிக்கு நடந்து வரலாம் என்று எண்ணிக் கிளம்ப வேண்டாம், கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் இருக்கும்.

காலை ஆறரைக்கு முன்பே வந்துவிடுவது நல்லது. முதலில் சின்னக் கடை வீதியும் வ.உ.சி. பூ மார்க்கெட்டும். பூ வரத்து, ஏலம், கட்டு பிரிப்பு எல்லாம் விடியற்காலை வேலை. ஒன்பது மணிக்குப் போனால் மிஞ்சிய பூவைத்தான் பார்ப்பீர்கள். அங்கிருந்து மேற்கே நடந்தால் செவ்வாய்ப்பேட்டை. பத்து மணிக்குள் லீ பஜார், லாங்லி ரோடு, பால் மார்க்கெட் பக்கம் முடித்துவிடுங்கள். அதன் பிறகு லாரிகளும் மூன்று சக்கரத் தள்ளுவண்டிகளும் தெருவை அடைத்துக்கொள்ளும், நின்று பேச இடம் இருக்காது. வெயில் ஏறியதும் வெள்ளிக் கடைகளுக்குள் போகலாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஆற்றைத் தாண்டிக் குகைக்கு வந்தால் தட்டுவடை வண்டிகள் திறந்திருக்கும்.

கார் வேண்டாம். இரு சக்கர வண்டி என்றாலும் கடை வாசலில் நிறுத்தாதீர்கள், சரக்கு இறக்கும்போது வண்டியை நகர்த்தச் சொல்லி உங்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். மொத்தக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறு விடுமுறை. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் இருக்கும் சந்துகளைத் தவிர்த்துச் சுற்றிப் போவது உங்களுக்கும் எளிது, அவர்களுக்கும் மரியாதை.

கேள்வி: இங்கே எத்தனை மொழிக்காரர்கள் இருக்கிறார்கள்? தமிழ் மட்டும் தெரிந்தால் சமாளிக்கலாமா? (சிதம்பரம் வாசகர்)

தாராளமாகச் சமாளிக்கலாம். எந்தக் கடையிலும் வியாபாரம் தமிழில்தான் நடக்கிறது. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் வீட்டு மொழி மாறும். ஆரிய வைசியர் கடைகளில் தெலுங்கு. தேவாங்கர் வீடுகளில் சிலரிடம் கன்னடம், சிலரிடம் தெலுங்கு. எந்த மொழி பேசினாலும் தேவாங்கர்களுக்குக் குலதெய்வம் சௌடேஸ்வரி அம்மன். பட்டுநூல்காரர் என்று பழைய ஆட்கள் சொல்லும் சௌராஷ்டிரர்கள் குகையிலும், கிழக்கே அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டையிலும் இருக்கிறார்கள். அம்மாபேட்டை செங்குந்தர்களின் நெசவு ஊர். கோட்டையிலும் லைன்மேட்டிலும் உருது பேசும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு, தமிழே பேசும் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. ஜவுளி, வெள்ளி, எலக்ட்ரிக்கல் சாமான் வியாபாரத்தில் மார்வாடிகள். வெள்ளி உருக்கி டச் (அதாவது சுத்தம்) பார்க்கும் கடைகளில் மராட்டியர்களைப் பார்க்கலாம், தமிழ்நாட்டின் மற்றக் கடை வீதிகளிலும் இந்தத் தொழிலில் அவர்கள்தான் அதிகம். மண்டியில் மூட்டை தூக்குவோரிடையே இப்போது இந்தியும் கேட்கிறது.

இதையெல்லாம் ஒட்டி வைத்திருப்பது கைமாற்றம். ஒரு கொலுசு கடைக்கு வருவதற்குள் உருக்குபவர், கம்பி இழுப்பவர், கண்ணி கோர்க்கும் பெண், மெருகு போடுபவர், மொத்த வியாபாரி என்று மூன்று நான்கு வீட்டு மொழிகளைக் கடந்து வருகிறது. பக்கத்துத் தெருக்காரர் வேலை நிறுத்தினால் இந்தத் தெருவில் பட்டறை சும்மா கிடக்கும். இந்தப் பேட்டையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் எந்தத் தெரு யாருடையது என்று கேட்பதைவிட, எந்தச் சரக்கு எந்தத் தெருவுக்கு அடுத்ததாகப் போகிறது என்று கேளுங்கள். பதில் சொல்ல எல்லோரும் தயாராக இருப்பார்கள்.

‘அண்ணா’, ‘அக்கா’ போதும். ‘பாய்’, ‘சேட்டு’ என்று முன்பின் தெரியாதவரைக் கூப்பிடாதீர்கள். பழகியவர்கள் சொன்னால் அது உறவு, வெளியாள் சொன்னால் அப்படி இருக்காது.

கேள்வி: பொங்கலுக்கும் கோவில் பிரசாதத்துக்கும் வெல்லம் மொத்தமாக வாங்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் எப்படிப் பார்த்து வாங்குவது? (ராசிபுரம், தாரமங்கலம் வாசகர்கள்)

மூலப்பிள்ளையார் கோவில் பக்கம் உள்ள வெல்ல மண்டிக்குப் போங்கள். ஓமலூர், காமலாபுரம், கருப்பூர், வெள்ளாளப்பட்டி சுற்றுவட்டார ஆலைகளில் காய்ச்சிய வெல்லம் அங்குதான் ஏலத்துக்கு வருகிறது. அளவு சிப்பம், ஒரு சிப்பம் 30 கிலோ. விலையும் சிப்பத்துக்குத்தான் சொல்வார்கள். கிலோ விலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு, பிறகு தகராறு செய்யாதீர்கள். ஐந்து பத்து கிலோ வேண்டுமென்றால் மண்டியில் நிற்காமல் பக்கத்துச் சில்லறைக் கடைக்குப் போவதே சரி.

இனி முக்கியமான விஷயம். கண்ணைப் பறிக்கும் வெளிர் மஞ்சளில் இருக்கும் வெல்லத்தைத் தேடாதீர்கள். கருப்பஞ்சாற்றை எந்தக் கலப்பும் இல்லாமல் காய்ச்சினால் அடர்ந்த பழுப்பு நிறம்தான் வரும். மண் வாகு, கரும்பு ரகம், கொப்பரையில் எத்தனை நேரம் நின்றது என்பதைப் பொறுத்துச் சற்று முன்பின் இருக்கும், அவ்வளவுதான். வெளுப்பு வேண்டுமென்று ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட் போடுகிறார்கள். எடையும் உடைப்பும் நன்றாக வர வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சுவதும் நடக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் இந்தப் பகுதியில் அடிக்கடி சோதனை செய்து சரக்கைப் பறிமுதல் செய்வது இதற்காகத்தான். வெளுத்த வெல்லத்துக்கு வாங்குகிறவர்கள் அதிக விலை கொடுக்கிறார்கள், ஆகவே காய்ச்சுகிறவர் வெளுக்கிறார். இந்தச் சங்கிலியை அறுக்க வாங்குகிறவரால்தான் முடியும்.

கையில் ஒரு உருண்டையை வாங்கி உடையுங்கள். உடைந்த முகத்தில் கண்ணாடித் துகள் போலப் பளபளவென்று கட்டிகள் மின்னினால் சர்க்கரை கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நல்ல வெல்லத்தின் உள்முகம் மங்கலாக, ஒரே சீராக, விரலில் லேசாகப் பிசுபிசுக்கும்படி இருக்கும். ஒரு துணுக்கை நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் பழைய சரக்கு, அல்லது உப்பு நிலத்துக் கரும்பு. அடி நாக்கில் கசந்தால் கொப்பரையில் தீய்ந்திருக்கிறது. கடைசியாக, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு எலுமிச்சை அளவு போட்டுக் கரைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் கொஞ்சம் கரும்புச் சக்கைத் தூள் தங்குவது இயல்பு. சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவு தங்கினால் வாங்க வேண்டாம்.

பாயசம் திரிந்துபோகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வெல்லம் லேசான புளிப்புத் தன்மை உள்ளது. கொதிக்கும் பாகில் பாலை ஊற்றினால் எந்த வெல்லமானாலும் திரியலாம். அரைக் கிலோ வெல்லத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டி, ஒரு கொதி வந்ததும் இறக்கிக் கை பொறுக்கும் சூடு வரை ஆறவிடுங்கள். காய்ச்சி ஆறவைத்த பாலை அதற்குப் பிறகு சேருங்கள். இதன் பிறகும் திரிந்தால் வெல்லத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வாங்கியதை வைக்கும் முறையும் சொல்லிவிடுகிறோம். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தை மாதத்தில் வாங்கியது ஐப்பசி அடைமழையில் வியர்த்து ஒழுகுவது அதனால்தான். சாக்கோடு தரையில் வைக்காதீர்கள். காய்ந்த தகர டின்னிலோ இறுக்கமான மூடியுள்ள டிரம்மிலோ போட்டு, மரப்பலகையின் மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

கேள்வி: லீ பஜாரில் மஞ்சள் வாங்கலாமா? (திருச்செங்கோடு வாசகி)

வாங்கலாம். கூட்டுறவு சங்கத்தில் நடக்கும் ஏலத்துக்கு விரலி, உருண்டை, பனங்காலி என மூன்று ரகமாகப் பிரித்து வரும், விலை குவிண்டாலுக்கு. வீட்டுக்குப் பொடி அரைக்க விரலிதான் ஏற்றது. ஒன்றை ஒடித்துப் பாருங்கள்: ‘டக்’கென்று ஓசையோடு முறிய வேண்டும், உள்ளே ஆரஞ்சு சாயலில் அடர் மஞ்சளாக இருக்க வேண்டும். வளைந்து முறிந்தால் காய்ச்சல் போதாது, ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். வெளித்தோல் மட்டும் மிளிர்ந்து, ஈரத் துணியில் துடைத்ததும் சாயம் கையில் ஏறினால் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: சேலம் கொலுசு ‘80 டச்’, ‘70 டச்’ என்கிறார்கள். மகள் கல்யாணத்துக்கு வாங்குகிறோம். ஏமாறாமல் வாங்குவது எப்படி? திரும்ப விற்றால் ஏன் குறைத்துத் தருகிறார்கள்? (ஈரோடு, தர்மபுரி, சென்னை வாசகர்கள்)

இதைப் பற்றி வந்த கடிதங்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

டச் என்பது நூறு பங்கில் சுத்த வெள்ளி எத்தனை பங்கு என்பது. நூறு கிராம் ஜோடி 80 டச் என்றால் அதில் 80 கிராம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. செம்பு கலப்பது ஏமாற்று இல்லை. தனி வெள்ளி மெத்தென்று இருக்கும், கொலுசாகச் செய்து காலில் போட்டால் கண்ணி இழுபட்டு விரிந்துவிடும். எத்தனை செம்பு என்று சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று.

கடைக்காரர் விலை சொல்லும்போது ‘கூலியோடு 90’ என்பது போல ஒரு கணக்குச் சொல்லலாம். நூறு கிராம் கொலுசுக்கு 90 கிராம் சுத்த வெள்ளியின் விலையை வாங்குகிறார், அதில் 80 பொருளில் இருக்கிறது, 10 கூலியும் சேதாரமும் என்று பொருள். ஆகவே இரண்டு கேள்வி கேளுங்கள்: பொருளின் டச் எத்தனை, கூலியோடு எத்தனை. இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளி நகைக்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. பில் இல்லாமல் அதை மிச்சம் பிடித்தால், நாளைக்கு டச் குறைந்தது என்று போய் நிற்க உங்கள் கையில் காகிதமே இருக்காது.

திரும்ப விற்கும்போது ஏன் குறைகிறது என்பதற்குப் பட்டறையைப் பார்த்தால் விடை கிடைக்கும். வெள்ளிக் கட்டியையும் செம்பையும் மூசையில் சேர்த்து உருக்கிக் கம்பியாக ஊற்றுகிறார்கள். அதைத் துளைத் தகட்டின் வழியே திரும்பத் திரும்ப இழுத்து மெல்லிய கம்பியாக்குகிறார்கள். கம்பியை வளைத்துக் கண்ணியாக்கிக் கோர்க்கிறார்கள். வாய் திறந்த ஒவ்வொரு கண்ணியிலும் பொடி வைத்து ஊதித் தீயில் பற்றவைக்கிறார்கள். இந்தப் பற்றவைப்புப் பொடி கம்பியைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும், அதனால் அதில் வெள்ளி குறைவு, மற்ற உலோகம் அதிகம். ஒரு கொலுசில் எத்தனை கண்ணியோ அத்தனை பற்று. சலங்கை, பூ, கொக்கி ஒவ்வொன்றும் இன்னொரு பற்று. கம்பி 80 டச்சாக இருந்தாலும் மொத்தக் கொலுசையும் உருக்கினால் அதைவிடக் குறையும். பொடிக் கண்ணியும் நிறையச் சலங்கையும் உள்ள டிசைனில் அதிகம் குறையும், தட்டையான கெட்டிக் கொலுசில் குறைவாகக் குறையும். நேர்மையான கடையில் இந்தக் குறைவையும் கணக்கில் எடுத்து, கொலுசின் டச்சைத்தான் சொல்வார்கள், கம்பியின் டச்சை அல்ல. ‘இது உருக்கின டச்சா, கம்பி டச்சா?’ என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி தெரிந்த ஆள் என்று தெரிந்ததும் பேச்சே மாறும்.

டச் பார்க்கும் எந்திரத்தில் வைத்துக் காட்டினார்களே என்பீர்கள். அந்த எந்திரம் கதிர் பாய்ச்சி மேற்பரப்பை மட்டும் படிக்கிறது. பற்றவைத்து முடித்த கொலுசு கருத்துப்போயிருக்கும். அதை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டு வெளுக்கிறார்கள். அமிலம் மேல்தோலில் உள்ள செம்பைத் தின்றுவிட்டு வெள்ளியை விட்டுவைக்கும். ஆகவே புதிய கொலுசின் மேல்தோல் உள்ளே இருப்பதைவிடச் சுத்தமாக இருக்கும், எந்திரமும் கூடுதலாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் கொக்கிக்குப் பக்கத்தில் ஓரிடத்தை அரம் கொண்டு லேசாக ராவிவிட்டு அந்த இடத்தை எந்திரத்தில் காட்டச் சொல்லுங்கள். உருக்கிப் பார்ப்பதுதான் முடிவான சோதனை.

வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, விருப்பம்தான். ஆனால் 925, 835, 800 என்ற எண்களோடு (ஆயிரம் பங்கில் வெள்ளி எத்தனை பங்கு என்பது) பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை உள்ள சரக்கும் வருகிறது. கல்யாணத்துக்கென்று கனமாக வாங்குகிறவர்கள் அதையே கேட்டு வாங்குங்கள். 70 டச்சுக்குக் கீழ் உள்ளவை பார்வைக்கு நன்றாக இருக்கும், விலையும் இறங்கும், ஆனால் சீக்கிரம் கறுக்கும், விற்றால் தேறாது. குழந்தைக்கு ஆறு மாதத்துக்கொரு முறை மாற்றும் கொலுசுக்கு அது போதும். மகளுக்குச் சீராகக் கொடுப்பதற்கு வேண்டாம்.

எடை போடும்போது கல், எனாமல் வைத்தவற்றைத் தனியாக வைத்து, அதன் எடை கழிக்கப்படுகிறதா என்று பாருங்கள். போட்டுப் பார்த்து நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். சலங்கை அடியில் திரும்பிக் குதிகாலில் குத்தினால் நீளம் சரியில்லை, அரை அங்குலம் கூட்டித் தரச் சொல்லலாம். அந்தக் கண்ணியைச் சேர்ப்பது பக்கத்துச் சந்துப் பட்டறையில் அரை மணி நேர வேலை.

கறுத்த கொலுசைப் பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். அதிலுள்ள பொடி வெள்ளியைச் சுரண்டும், ஒவ்வொரு முறையும் எடை போகும். பழைய மெருகுக்காரர்களின் முறை பூந்திக்கொட்டை: பத்துக் கொட்டையை உடைத்து அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பானதும் கொலுசை அரை மணி ஊறவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். ரொம்பக் கறுத்திருந்தால் ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் கொலுசு படும்படி வைத்து, ஒரு லிட்டர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பச் சோடா கரைத்து ஊற்றுங்கள். கருமை வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த படலம்; அலுமினியம் அந்தக் கந்தகத்தை இழுத்துக்கொள்ளும், வெள்ளி கொலுசிலேயே தங்கிவிடும். ஐந்து நிமிடம் போதும். கல், எனாமல் வைத்த கொலுசுக்கு இது கூடாது.

கேள்வி: 1882 கலவரம் செவ்வாய்ப்பேட்டையில்தான் நடந்ததா? (கல்லூரி மாணவர், சேலம்)

ஆமாம். மசூதி கட்டுவதையும் அந்த வழியாகக் கோவில் ஊர்வலம் போவதையும் ஒட்டி எழுந்த தகராறு அது. உயிர்களும் உடைமைகளும் போயின. நகராட்சி உறுப்பினராக இருந்த வழக்கறிஞர் விஜயராகவாச்சாரியார் தூண்டிவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டுப் பத்தாண்டு தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். பின்னாளில் 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் அவரே. அந்த ஆண்டை மட்டும் வைத்து இந்தப் பேட்டையை எடைபோடுவது நியாயமில்லை. அதே தெருக்களில் அதற்குப் பிறகு பல தலைமுறைகள் ஒருவருக்கொருவர் கடனுக்குச் சரக்குக் கொடுத்து வாழ்ந்திருக்கிறார்கள். கட்டுரை எழுதுகிறீர்கள் என்றால் அதையும் விசாரித்து எழுதுங்கள்.

கேள்வி: தட்டுவடை செட் வீட்டில் செய்தால் குகையில் சாப்பிட்ட மாதிரி வருவதில்லை. என்ன தவறு? (பெங்களூரு வாசகி)

இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காயும் வைத்து அடுக்குவதுதான் செட். பெரும்பாலும் தட்டுவடையில்தான் தவறு, சட்னியில் இல்லை. கடையில் வாங்கும் தட்டை கனமாக, எண்ணெய் குடித்திருக்கும். செட்டுக்கு மெல்லியதாக, காய்ந்ததாக வேண்டும்.

இட்லி அரிசி அரைக் கிலோவை நான்கு மணி நேரம் ஊறவைத்து, 10 காய்ந்த மிளகாய், 10 பல் பூண்டு, உப்பு சேர்த்து முடிந்தவரை தண்ணீர் தெளிக்காமல் கெட்டியாக அரையுங்கள். மாவு தளர்ந்தால் வெள்ளைத் துணியில் பரப்பிக் கால் மணி விடுங்கள், ஈரத்தைத் துணி வாங்கிக்கொள்ளும். அதோடு பொட்டுக்கடலை மாவு 125 கிராம், அரை மணி ஊறிய கடலைப் பருப்பு இரண்டு கரண்டி, எள், கிள்ளிய கறிவேப்பிலை, 25 கிராம் வெண்ணெய். வெண்ணெய் கூடினால் எண்ணெயில் பிரிந்துபோகும். உள்ளங்கைக் குழியளவு வட்டமாக, ஓரமும் நடுவும் ஒரே கனமாகத் தட்டி, முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்துங்கள். குத்தாவிட்டால் பூரி மாதிரி உப்பி, உள்ளே நமுத்துவிடும். மிதமான சூட்டில் போட்டு, சலசலப்பு அடங்கும் வரை காத்திருந்து எடுங்கள். நிறத்தைப் பார்த்து எடுத்தால் நடுப்பகுதி வேகாது.

சிவப்புச் சட்னிக்கு எட்டு காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, ஆறு பல் பூண்டு, நெல்லிக்காய் அளவில் பாதிப் புளி, உப்போடு அரையுங்கள். பச்சைச் சட்னிக்கு ஒரு கட்டு கொத்தமல்லி, அரைக் கட்டு புதினா, நாலு பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு. மாங்காய்க் காலத்தில் எலுமிச்சைக்குப் பதில் இரண்டு துண்டு மாங்காய். இரண்டும் விரலில் தொட்டால் வழியாத பதத்தில் இருக்க வேண்டும்.

பீட்ரூட், கேரட்டைத் துருவுங்கள். வெங்காயத்தைத் துருவாதீர்கள், கசக்கும், நீர் விடும். கத்தியால் பொடியாக நறுக்குங்கள். காயில் முன்கூட்டியே உப்புப் போடுவதுதான் வீட்டில் நடக்கும் அடுத்த பிழை. அஞ்சு நிமிடத்தில் தண்ணீர் இறங்கித் தட்டுவடை சாயம் போன அட்டையாகிவிடும். கீழ்த் தட்டுவடையில் சிவப்பைத் தடவி, காயை வைத்து, மேல் தட்டுவடையின் உள்பக்கம் பச்சையைத் தடவி மூடி, கொடுத்தவுடன் சாப்பிடச் சொல்லுங்கள். வண்டிக்கடையில் கேட்ட பிறகுதான் ஒவ்வொன்றாக அடுக்குகிறார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். உடைந்துபோன தட்டுவடைகளை நொறுக்கி அதே காயும் சட்னியும் போட்டுப் பிசைந்தால் நொறுக்கல். அதற்கு மட்டும் வெங்காயத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போடலாம்.

கேள்வி: சேலம் வெண்பட்டு வேட்டி இங்கே கிடைக்குமா? கடையில் காட்டுவது பட்டுதானா? (கும்பகோணம் வாசகர்)

கிடைக்கும். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் செவ்வாய்ப்பேட்டை, கடை வீதிக் கடைகளில் குவிந்திருக்கும் பளபளப்புச் சேலைகள் பெரும்பாலும் இளம்பிள்ளை விசைத்தறிச் சரக்கு. அதில் குறையொன்றும் இல்லை, விலைக்கேற்ற நல்ல துணி. பட்டு என்று சொல்லிப் பட்டு விலை வாங்கினால்தான் தவறு. வேட்டியின் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பற்றவைத்துப் பாருங்கள்: பட்டு முடி கருகும் வாடை அடித்து, விரலில் நசுக்கினால் தூளாகும். செயற்கை நூல் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். கூட்டுறவு சங்கக் கடைகளில் வாங்கினால் இந்தச் சோதனை தேவைப்படாது.

கேள்வி: திருமணிமுத்தாற்றுப் பக்கம் வீடு வாடகைக்கு எடுக்கலாமா? (பணி மாறுதலில் வரும் ஆசிரியை)

வாடகை மற்ற இடங்களைவிடக் குறைவு, எல்லாம் நடக்கும் தூரம். ஆனால் சேர்வராயன் மலைப் பக்கம் பிறந்து வரும் அந்த ஆறு நகருக்குள் வருவதற்குள் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்துவிடுகிறது. இது இந்த நகரம் இன்னும் சரிசெய்யாத பெரிய குறை, மறைத்துச் சொல்ல முடியாது. வீடு பார்க்கப் பகல் பதினொரு மணிக்குப் போகாதீர்கள். ஒரு முறை இரவு எட்டு மணிக்கும், ஒரு முறை மழை பெய்த மறுநாளும் போய்ப் பாருங்கள். ஆற்றிலிருந்து மூன்று தெரு தள்ளி, தெரு மட்டத்துக்கு இரண்டு படியாவது உயர்ந்த வாசல் உள்ள வீடாகத் தேடுங்கள். கீழ் வீட்டில் மெருகுப் பட்டறை இருந்தால் அமில வாடை மேலே வரும், கேட்டுக்கொள்ளுங்கள். குடிநீர் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது, தொட்டி எத்தனை லிட்டர் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட எதிர் வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை பார்க்க வயதான அம்மாவை அழைத்து வருகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? (கரூர் வாசகர்)

ஆடியில் சேலத்தின் மாரியம்மன் கோவில்களில் பூச்சாட்டுதல், கம்பம் நடுதல், சக்தி அழைத்தல், பொங்கல், உருளுதண்டம் என்று வரிசையாக நடக்கும். குகையிலும் அம்மாபேட்டையிலும் அதோடு வண்டி வேடிக்கை உண்டு. புராண வேடமிட்ட ஆட்கள் அலங்கார வண்டிகளில் அசையாமல் நின்றபடி வருவார்கள். ஒவ்வொரு தெருவும் தன் வண்டிக்காக வாரக்கணக்கில் உழைத்திருக்கும், ஆகவே ‘அந்த வண்டி சுமார்’ என்று அருகில் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டாம்.

தேதி ஊருக்கு ஊர் மாறும், அந்தந்தக் கோவில் அழைப்பிதழில் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில்தான் நடக்கும், நள்ளிரவு தாண்டலாம். திருச்சி மெயின் ரோட்டில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், ஆகவே குகைக்குள் வண்டியில் வரும் எண்ணத்தை விட்டுவிட்டுப் பழைய பஸ் நிலையம் பக்கம் நிறுத்திவிட்டு வாருங்கள். ஏழு மணிக்குள் வந்துவிட்டால் தெரிந்த வீட்டுத் திண்ணையிலோ கடை வாசல் படியிலோ அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும், கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். வளைவுகளுக்கு அருகே நிற்க வேண்டாம். வண்டி திரும்பும்போது கூட்டம் பின்வாங்கும், நெரிசல் அங்கேதான். தண்ணீர், மாத்திரை, ஒரு மடக்கு நாற்காலி கையில் இருக்கட்டும். திரும்பும் பஸ்ஸுக்குப் பத்தரைக்கே கிளம்பிவிடுங்கள்.